பத்தொன்பது கரண்டி உப்பும் பதினோராவது மீனும்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் பிரசவத்துக்காகக் கடையநல்லூரில் உள்ள தாய் வீட்டுக்குப் புறப்பட்டபோது என்னிடம் ஒப்படைத்தவை இரண்டு. ஒன்று வீட்டுச் சாவி. இன்னொன்று அவர்களுடைய மீன் தொட்டி. சாவியை ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். மீன்களை எண்ணித்தான் வாங்கினேன். கோல்டு ஃபிஷ் நான்கு, ஏஞ்சல் ஆறு, அடியில் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கிடக்கும் ஒரு சாண் நீளக் கறுப்பு மீன் ஒன்று. பாசியைத் தின்று தொட்டியைத் துடைத்து வைப்பதால் அதைக் கடைக்காரர்கள் டேங்க் கிளீனர் என்கிறார்கள். ஆக மொத்தம் பதினொன்று.

நான் விரலை நீட்டி எண்ணுவதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். "என்ன மாமா, ஓடியா போயிரப் போவுது?" என்றாள்.

"பதினொண்ணு தந்திருக்க. வரும்போது பதினொண்ணு எண்ணி வாங்கிக்கிடணும்" என்றேன்.

யாரும் கேட்காத வாக்குறுதி. நானாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எழுபத்திரண்டு நாள் நான் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். ராஜபாளையம் வண்டி எத்தனை நிமிடம் தாமதம், இளையரசனேந்தல் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதியே கை பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் நோட்டில் கோடு போட்டு எதையாவது எழுதாவிட்டால் எனக்கு அந்த நாள் முடியாது. மீன் தொட்டிக்கென்று ஒரு புது நோட்டு எடுத்தேன். தேதி, மணி, எண்ணிக்கை, போட்ட தீனி. மாடிக்குப் பதினேழு படி. நாளொன்றுக்கு ஆறு முறை ஏறினேன். ஏறி எண்ணுவேன், பதினொன்று இருக்கும், இறங்குவேன். கீழே வந்து செய்தித்தாளை விரித்தால், கறுப்பு மீனைச் சரியாகப் பார்த்தோமா அல்லது கல்லைப் பார்த்துக் கணக்கில் சேர்த்துவிட்டோமா என்று ஒரு சந்தேகம் வரும். மறுபடி பதினேழு படி.

அந்தப் பெண்ணின் கணவன் வளைகுடாவில் இருக்கிறான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்ததும், நமக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு, என் செல்போனில் வீடியோவில் வருவான். மாமா, அத்தை சௌக்கியமா என்று ஒரு வார்த்தை. அடுத்த வார்த்தை மீன். போனைத் தொட்டிக்கு நேரே பிடிக்கச் சொல்வான். அவனுக்குத் தங்க நிறமெல்லாம் பொருட்டில்லை. கறுப்பு மீனைத்தான் தேடுவான். கல்யாணமான புதிதில் தொட்டி வாங்கியதும் முதலில் வாங்கிப் போட்டது அதுதானாம். அப்போது விரல் நீளம்தான் இருந்ததாம். "அங்கன கொஞ்சம் காட்டுங்க மாமா, அந்தக் கட்டைக்குப் பின்னாடி" என்பான். தொட்டிக்குள் அலங்காரத்துக்குக் கிடக்கும் மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து அது வாலை ஒருமுறை அசைக்கும். அவன் அங்கே சிரிப்பான். சரி மாமா, வச்சிருதேன் என்பான். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். அதற்கு மேல் பேசியதில்லை.

இருபத்தோராம் நாள் சனிக்கிழமை காலையில் ஏறிப் பார்த்தால், பெரிய கோல்டு ஃபிஷ்ஷின் வாலில் வெள்ளைப் புள்ளிகள். ரவையைத் தூவியதுபோல ஒன்பது புள்ளி. மத்தியானம் பதினான்கு. சாயங்காலம் ஏஞ்சல்களில் இரண்டுக்கும் வந்துவிட்டது. அவை கல்லில் உடம்பை உரசிக்கொண்டு போயின.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு மீன் கடை உண்டு. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள். பதினொரு மீனுக்கும் சீக்கு என்று போய் நின்றேன். என்னென்ன மீன் என்று கேட்டார். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் என்றேன். பத்து மீனின் பெயரைச் சொல்லிவிட்டு எண்ணிக்கையை மட்டும் பதினொன்றாகச் சொல்லியிருக்கிறேன். கறுப்பு மீன் என் வாயில் வரவில்லை. அதற்குப் புள்ளி எதுவும் தெரியவில்லை என்பதால் இருக்கலாம்.

மருந்து வேண்டாம், கல் உப்பு போதும் என்றார் அவர். பொடி உப்பு ஆகாது. பத்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி, ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளில் பிரித்து, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். இடையில் தண்ணீர் மாற்றினால், மாற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்புப் போட வேண்டும். புள்ளி போனதும் கால் பங்கு, கால் பங்காகத் தண்ணீரை மாற்றி உப்பைக் குறைத்துவிட வேண்டும். இதெல்லாம் எழுதிக்கொண்டேன். எழுத்துப் பிசகாமல் நோட்டில் இன்றும் இருக்கிறது.

தொட்டியை ஸ்கேல் வைத்து அளந்தேன். கல்லுக்கும் கட்டைக்கும் கழித்துவிட்டு நூறு லிட்டர். ஆகவே பத்துக் கரண்டி. ஒரு கிலோ கல் உப்புப் பாக்கெட்டைப் புதிதாகப் பிரித்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முதல் நாள் மூன்று, இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் நான்கு. ஒவ்வொரு கரண்டிக்கும் நோட்டில் ஒரு கோடு.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். போனைத் தொட்டியிலிருந்து நான்கடி தள்ளிப் பிடித்தேன். அத்தனை தூரத்தில் புள்ளி தெரியாது. "என்ன மாமா, தூரமாத் தெரியுது?" என்றான். வெளிச்சம் கூசுகிறது என்றேன். தூர தேசத்தில் கிடக்கிறவனை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒப்படைத்த பொருளைச் சீக்காக்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தே நாளில் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அங்கேயே உப்பைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் கால் பங்கென்றால் இருபத்தைந்து லிட்டர். எங்கள் தெருவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். குடிக்கப் பிடித்து வைப்பதற்கே சரியாக இருக்கும். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர்தான். அதோடு, உப்பு நல்லது செய்தது கண் முன்னால் தெரிந்தது. நல்லது செய்ததை எதற்குக் குறைக்க வேண்டும், அந்தப் பெண் வரும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் காற்றுக் காலம். செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று எங்கள் ஊரில் கதவைப் பிய்க்கும். பூட்டிய வீடு புழுங்கக் கூடாதென்று மாடி ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்து, பகலெல்லாம் மின்விசிறியும் போட்டிருந்தேன். தொட்டியில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. மூன்று நாளுக்கு ஒரு வாளி போர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு வாளி பத்து லிட்டர். பத்து லிட்டருக்கு ஒரு கரண்டி என்பதுதானே கணக்கு? ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றினேன். நோட்டில் கோடு போட்டேன். இருபத்தேழு நாளில் ஒன்பது வாளி, ஒன்பது கரண்டி. கணக்கு அத்தனை சுத்தமாக இருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை காலையில் ஏறினேன். எப்போதும் அடியில் கிடக்கும் கறுப்பு மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது. கறுப்பாகவும் இல்லை. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததுபோல வெளுத்திருந்தது. செவுள் அடித்துக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றுப் பதினான்கு. ஆரோக்கியமான மீனுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது. நூற்றுப் பதினான்கு அதிகம் என்று மட்டும் தெரிந்தது.

கண்ணாடியில் தண்ணீருக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. பல நாளாக அதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்திருந்தேன். விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு.

உப்புப் பாக்கெட்டை எடுத்தேன். லேசாக இருப்பதுபோலத் தோன்றியது. அடுக்களையிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து அதே கரண்டியால் அளந்தேன். ஒரு கிலோவுக்கு அறுபத்தாறு கரண்டி. நான் எடுத்தது பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. மிச்சம் நாற்பத்தேழு இருக்க வேண்டும். மாடிப் பாக்கெட்டை இரண்டு முறை அளந்தேன். நாற்பத்தொன்று. ஆறு கரண்டியைக் காணோம்.

அந்த வீட்டுக்குள் என்னைத் தவிரப் போகிறவள் என் மனைவி ஒருத்திதான், பெருக்குவதற்காக. கீழே இறங்கிக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் மேலே வந்து மீன்களைப் பார்த்து என்ன அழகு என்று வாயைப் பிளந்தாளாம். இரண்டாம் நாளே புள்ளி வந்துவிட்டதாம். அதனால் மூன்று செவ்வாய்க்கிழமை, கைப்பிடி உப்பை எடுத்துத் தொட்டியைச் சுற்றித் திருஷ்டி கழித்திருக்கிறாள்.

"கழிச்ச உப்ப எங்க போட்ட?"

"தண்ணியிலதான கரைக்கணும்? அங்கன தண்ணி அதுலதான இருந்துச்சு."

மூன்று கைப்பிடி, ஆறு கரண்டி என்று கணக்குப் பார்த்தேன்.

"என்ன முறைக்கிய? நீங்களே உப்பு நல்லதுன்னு கரண்டி கரண்டியாப் போடுதிய. நான் போட்டா மட்டும் கரிக்குமோ?" என்றாள்.

கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணையும் போட்டாயா என்று கேட்டேன். தோலில் வருகிற சீக்குக்கு எங்கள் ஊரில் எல்லோரும் பூசிக்கொள்வது அதைத்தான். கேட்காமல் விட முடியவில்லை. "அது மனுஷங்களுக்குல்லா" என்று என்னைப் புத்தியில்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆறு கரண்டிதான் குற்றம் என்று முடிவு கட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். வழியெல்லாம் அவள் மேல் கோபம். நோட்டைக் கடைக்காரரிடம் நீட்டி, என் கணக்கு இது, என் மனைவி செய்த கோளாறு இது என்றேன். அவர் அந்த ஆறைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒன்பது வாளிக்கு நேரே விரலை வைத்தார். பழைய தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு ஊற்றியதா, வற்றியதற்கு ஊற்றியதா என்று கேட்டார். வற்றியதற்கு என்றேன்.

"வத்துனது தண்ணிதான அண்ணாச்சி? உப்பு அதுலயேதான கெடக்கும்" என்றார்.

தூத்துக்குடி போகிற வழியில் பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீரைக் கட்டி வைத்திருப்பதை என் ஆயுளில் எத்தனை முறை பார்த்திருப்பேன். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகும், அடியில் வெள்ளையாக நிற்பதை வாரிக் குவிப்பார்கள். நான் ஒரு கண்ணாடிப் பாத்தி கட்டி, ஜன்னலையும் திறந்துவைத்து, விசிறியும் போட்டு, மாடியில் உப்பு விளைத்திருக்கிறேன். ஊற்றியதும் போர் தண்ணீர். அதற்கென்று ஒரு உப்பு ஏற்கெனவே உண்டு.

கறுப்பு மீனைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் முகம் மாறியது. அதற்குச் செதில் கிடையாது, மற்ற மீன் தாங்குகிற உப்பை அது தாங்காது, முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி அளவுதான் சொல்லியிருப்பேன் என்றார். இனி தண்ணீரை மாற்றலாம், ஆனால் மெதுவாக. நாளொன்றுக்கு ஒரு வாளி, அதற்கு மேல் கூடாது, ஒரேயடியாக மாற்றினால் மற்ற பத்தும் போய்விடும் என்றார்.

நாளொன்றுக்கு ஒரு வாளி. அவசரப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. குடிக்கப் பிடித்துவைத்த ஆற்றுத் தண்ணீரை என் மனைவி எடுத்துத் தந்தாள். அவளே வாளியைப் பாதிப் படிவரை தூக்கியும் வந்தாள். நாங்கள் அந்த வாரம் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம். காப்பி கரித்தது. அவளுடைய ஆறு கரண்டியைப் பற்றி அதற்குப் பிறகு நானும் பேசவில்லை. அவளும் என் ஒன்பதைக் கேட்கவில்லை.

செவுளை எண்ணினேன். ஞாயிறு நூற்றுப் பத்து. திங்கள் நூற்றிரண்டு. செவ்வாய் தொண்ணூற்றாறு. குறைகிறதே, தேறுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். புதன் அறுபது. குறைவதெல்லாம் தேறுவதல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஐம்பத்து நான்காம் நாள், வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு அது கண்ணாடியை விட்டது. முருங்கை மரத்தடியில் புதைத்தேன். நோட்டில் எண்ணிக்கை என்ற இடத்தில் பத்து என்று எழுத வேண்டும். எழுதாமல் மூடிவைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டரைக்குப் போன் வரும்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அதே ஜாதி மீன் ஒன்றே ஒன்று இருந்தது. பழையதைவிட நான்கு விரல் குட்டை. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பாலிதீன் பையில் பிடித்துத் தந்தார். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. தடுப்புப் போட்டு, ஆட்டோவை உள்ளே விடவில்லை. மீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். வழி நெடுக, கோயிலில் போடுவதற்கு உப்பும் மிளகும் பொட்டலம் பொட்டலமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். "உப்பு வாங்கலியா அய்யா?" என்று ஒரு அம்மாள் கையை நீட்டி மறித்தாள். வேண்டாம் தாயே என்று விலகினேன். வீடு வந்து சேர நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைப் பழக்கி, இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு உள்ளே விட்டேன். அது நேராகக் கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

போன் வந்தது. கட்டைக்குப் பின்னால் காட்டச் சொன்னான். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இளைச்ச மாதிரி இருக்கே மாமா?"

"ஆடிக் காத்துல்லா" என்றேன்.

ஆடிக் காற்றுக்கும் தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கும் என்ன சம்பந்தம்? சரி மாமா, வச்சிருதேன் என்றான்.

எண்ணிக்கை சரியாகிவிட்டதே, இனியாவது சோற்றை ஒழுங்காகத் தின்னுங்கள் என்றாள் மனைவி. பதினொன்று இருந்தது. ஒவ்வொரு முறை எண்ணும்போதும் பத்து வரை சரளமாக வந்து, பதினொன்றில் நாக்கு நின்றது. அந்தப் பெண் வருவதற்கு இன்னும் பதினேழு நாள். பதினேழு நாளும் பதினேழு படியும் ஏறி இறங்கினேன். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, இரண்டு முறையும் போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தேன். தேறிவருது என்று இரண்டு முறையும் பொய் சொன்னேன்.

எழுபத்திரண்டாம் நாள், திங்கட்கிழமை, கைக்குழந்தையோடு காரில் வந்து இறங்கினாள். பெண் குழந்தை. என் மனைவி ஆரத்தி எடுத்து முடிக்கும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. படியில் ஏறும்போதே சொல்லிவிட்டேன். பத்துதான் உன்னுடையது, பதினொன்றாவது நான் வாங்கிப் போட்டது என்றேன். எந்த மீன் என்று கேட்டாள். சொன்னேன். எட்டாவது படியில் குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள்.

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குழந்தையின் துணியைச் சரிசெய்தபடி, "அவங்ககிட்டச் சொல்லிராதீங்க மாமா. மார்கழிக்கு வருவாங்க. வந்தப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

நான்கு நாள் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை போன் அவளுக்கே வந்தது. குழந்தையைப் பார்த்தான், பேசினான், சிரித்தான். பிறகு மாமாவைக் கூப்பிடு, தொட்டியைக் காட்டு என்றிருக்கிறான். நான் மேலே போனேன். அவள் போனைப் பிடித்திருந்தாள்.

"தேறுது தேறுதுன்னு சொன்னிய. தேறவே இல்லையே மாமா" என்றான்.

அவள் என்னைப் பார்த்து வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். உன் மீன் செத்துப்போய் இருபத்திரண்டு நாளாகிறது, இது வேறு என்றேன். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் ஏதோ வண்டி போவது தெரிந்தது, உறையவில்லை. மனதுக்குள் ஒன்பது வரை எண்ணினேன்.

"எத்தனை கரண்டி மாமா போட்டீங்க?" என்று கேட்டான்.

நோட்டை எடுத்து வாசித்தேன். தேதி, வாளி, கரண்டி. மனைவியின் ஆறையும் என் கணக்கிலேயே சேர்த்து இருபத்தைந்து என்றேன். அவன் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டான்.

"மாமா, தண்ணியத் தனியா, உப்பத் தனியாப் பிரிக்கிறதுதான் எங்க கம்பெனி. தெனம் பன்னெண்டு மணி நேரம் அந்த உப்பு மீட்டரத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். வாரா வாரம் போன்ல வந்தேன்லா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

நான்கடி தள்ளிப் போனைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவனே கேட்டான், புதிதுக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்று. மற்ற மீனுக்குப் போடுவதைத்தான் என்றேன். அதைத் தின்னாது, வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்கி லேசாக வேகவைத்துப் போடுங்கள், அதனால்தான் இளைத்திருக்கிறது என்றான். "பழசுக்கும் அதான் பிடிக்கும்" என்றவன், குழந்தையைக் காட்டச் சொன்னான்.

பாக்கெட்டில் மிச்சமிருந்த நாற்பத்தோரு கரண்டி உப்பை என் மனைவி எலுமிச்சை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள். தொட்டி இப்போது அந்தப் பெண்ணின் பொறுப்பு. ஆனாலும் வெள்ளரிக்காய் நான்தான் கொண்டுபோகிறேன். சாயங்காலம் இரண்டு வில்லை போடுகிறேன். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றரை மிச்சமிருக்கிறது. அந்த அரை வில்லையைத் தின்றது கறுப்பு மீனா, கோல்டு ஃபிஷ்ஷா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எத்தனை நேரம் உட்கார முடியும்?